டர்பன் வெக்கையில் அங்கோரா முயல்: ஷோவுக்கு வளர்க்க முடியுமா?

சாட்ஸ்வொர்த்_முயல்வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் டச், ரெக்ஸ் முயல்கள் வளர்க்கிறேன். அடுத்து கம்பளி முயலில் இறங்க ஆசை. ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற கௌடெங் மாகாணத்தில் ஒருவர் இங்கிலீஷ் அங்கோரா ஜோடி தருவதாகச் சொல்கிறார். ஆண் வெள்ளை, பெண் கறுப்பு. என் மகளுக்கு 13 வயது. தானே பார்த்துக்கொள்வேன், குளிர்கால முயல் ஷோவில் போட்டிக்கு வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இந்தக் கடலோர வெக்கையை அங்கோரா தாங்குமா? முடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? ஷோவுக்கும் கம்பளிக்கும் ஒரே முயல் போதுமா, தனித்தனியாக வைக்க வேண்டுமா? வெட்டிய முடியை யாராவது வாங்குவார்களா? வளர்த்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

ஹோவிக்_கம்பளி எழுதியது:

வணக்கம் தம்பி. பதில் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வெக்கையைப் பார்ப்போம். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை இறக்க அதற்கு இருக்கிற பெரிய வழி காதுதான். 15 முதல் 21 டிகிரி வரை அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் எந்த முயலுக்கும் கஷ்டம். அங்கோரா என்றால் போர்வையைச் சுற்றி அடுப்படியில் உட்கார வைத்த மாதிரி. இங்கிலீஷ் அங்கோராவுக்குக் காது நுனியிலும் முகத்திலும் காலிலும்கூட முடி வளரும். பார்க்க அழகுதான், ஆனால் சூடு வெளியேற வேண்டிய இடமும் மூடிப்போகிறது. உங்கள் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் 28 டிகிரி என்று காட்டினாலும் ஈரப்பதம் அதிகம். முயல் மூச்சு வாங்கியும் சூடு இறங்காது.

இரண்டாவது, ஆண் முயல். 30ஐ ஒட்டிய வெக்கை சில நாள் தொடர்ந்தால் விந்து கெட்டுவிடும். மறுபடி சரியாக ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். கோடை முடிந்த கையோடு ஜோடி சேர்த்துவிட்டு, சினை பிடிக்கவில்லை என்று பெண் முயலைக் குறை சொல்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். பாவம், அதன்மேல் தப்பே கிடையாது.

மூன்றாவது, இனம். இங்கிலீஷ் அங்கோரா சிறியது, 2.3 முதல் 3.4 கிலோ வரை. முடி மெல்லியது, சீக்கிரம் சிக்கு விழும். பிரெஞ்ச் அங்கோரா 3.4 முதல் 4.8 கிலோ வரை. காதும் முகமும் வெறுமையாக இருக்கும். முரட்டு முடி கொஞ்சம் கலந்திருப்பதால் சிக்கு குறைவு. ஜெர்மன் அங்கோரா கம்பளிக்காகவே வடித்தெடுத்தது. நல்ல வம்சத்தில் வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தரும், ஆனால் தானாக முடி உதிர்க்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். சாட்டின் அங்கோராவின் முடியில் பட்டு மாதிரி மினுமினுப்பு இருக்கும், அளவு குறைவு.

சாட்ஸ்வொர்த்தில் முதல் அங்கோராவாக இங்கிலீஷ் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பிரெஞ்சில் தொடங்குங்கள். எந்த இனம் வைத்தாலும், கோடையில் முடி நீண்டு நிற்கவே கூடாது. ஷோ கோப்பையை விட ஜனவரி மாத மதியம் முக்கியம்.

டோங்காட்_வெள்ளைக்காது எழுதியது:

ஹோவிக் அண்ணா சொல்வதில் பாதி எனக்கு ஒப்பு. பாதி இல்லை.

டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன், இதுவும் கடற்கரைதான். எங்கள் வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து புறா, சேவல், முயல் எல்லாம் உண்டு. இப்போது இங்கிலீஷ் அங்கோரா மட்டும்தான். கராஜில் ஒரு பகுதியைத் தடுத்து, கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு அட்டை போட்டு, ஏசி வைத்திருக்கிறேன். வெப்பநிலை 24க்கு மேல் போக விடுவதில்லை. முயல்கள் நன்றாக இருக்கின்றன, ஷோவிலும் பேர் வாங்குகின்றன.

கடலோரத்துக்காரன் பிரெஞ்ச் வளர்க்கட்டும், மலைப்பக்கத்துக்காரன் இங்கிலீஷ் வளர்க்கட்டும் என்று பிரித்துவிட்டால், இந்த மாகாணத்தில் நல்ல இங்கிலீஷ் அங்கோரா நாலைந்து வீட்டோடு நின்றுவிடும். ஏற்கெனவே சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து ரத்தம் குறுகிக் கிடக்கிறது. ஒரு சிறுமி அந்த முயலைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தால், நாம் வழி சொல்ல வேண்டும், தடுக்கக் கூடாது.

ஹோவிக்_கம்பளி எழுதியது:

தம்பி, உங்கள் கராஜை நானே வந்து பார்த்திருக்கிறேன். சுத்தமான வேலை, அதில் குறையே இல்லை. ஆனால் கரண்ட் போனால்? லோட் ஷெடிங் இப்போது தணிந்திருக்கலாம், பகுதி பகுதியாகக் கரண்ட் போவது நிற்கவில்லையே. ஏசி ஓடும் அறையில் முழு முடியோடு இருக்கும் முயலுக்கு, கரண்ட் போன பிப்ரவரி மதியம் இரண்டு மணி நேரம் போதும். உங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவரிடம் இருக்காது.

ரத்தம் குறுகுகிறது என்பது உண்மை. அதற்கு வழி வேறு, அதைப் பிறகு பேசலாம்.

வெருலம்_கால்நடை எழுதியது:

இரண்டு பேருமே அனுபவஸ்தர்கள். நான் மருத்துவப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வெக்கை தாக்கிய முயல் உடம்பை நீட்டிப் படுக்கும், மூக்கு வேகமாக அடிக்கும், வாயைத் திறந்து மூச்சு விடும், காது சுடும். வாய் திறந்துவிட்டாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காதைச் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் நனையுங்கள், நிழலில் காற்று படும்படி வையுங்கள், உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைப்பது, தரை ஓடு ஒன்றைப் போட்டுவிடுவது இரண்டும் நல்ல பழக்கம். ஆனால் அவை தடுப்புதான், வைத்தியம் ஆகாது.

அடுத்து வயிறு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. நக்கி விழுங்கிய முடி கீழ்ப்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். குடல் ஒழுங்காக ஓடினால் வெளியேறிவிடும். குடல் மந்தமானால் முடியும் தீவனமும் சேர்ந்து இறுகும். எல்லோரும் முடியைக் குற்றம் சொல்கிறோம், பெரும்பாலும் மூல காரணம் நார்ச்சத்துக் குறைவு, தண்ணீர் குறைவு, மன அழுத்தம். இங்கே பாவ்பாவும் (பப்பாளி) அன்னாசியும் கொடுத்தால் முடி கரைந்துவிடும் என்று பரம்பரையாக ஒரு நம்பிக்கை. அந்தப் பழங்களில் உள்ள நொதிகள் முடியைக் கரைப்பதில்லை. சர்க்கரை மட்டும் கூடும். காய்ந்த புல்தான் மருந்து. எரக்ரோஸ்டிஸ் அல்லது டெஃப் புல்லை எந்நேரமும் கூண்டில் வையுங்கள். லூசர்ன் (குதிரைமசால்) குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டும் போதும், வளர்ந்த முயலுக்குக் கால்சியமும் புரதமும் அதிகமாகிவிடும். முயல் அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

இரண்டு மருந்துகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நாய்க்குத் தெள்ளுப்பூச்சிக்குப் போடும் ஃபிப்ரோனிலை முயலுக்குப் போடவே கூடாது. அமாக்ஸிசிலின் மாத்திரையை வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது, குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து முயல் இறந்துவிடும். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு போன் செய்யுங்கள்.

நார்த்டேல்_நூல் எழுதியது:

சாட்ஸ்வொர்த் தம்பிக்கு வணக்கம். முடியை யார் வாங்குவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் வாங்குவேன். என்னைப் போல் நூற்பவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் மிட்லண்ட்ஸ் முழுக்கவும் இருக்கிறார்கள். ஆனால் எல்லா முடியையும் வாங்க மாட்டோம்.

முதுகிலும் விலாவிலும் இருக்கிற சுத்தமான, நீளமான முடிதான் முதல் தரம். நுனிகள் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி அடுக்கி, அட்டைப் பெட்டியில் தாளுக்கு நடுவே வையுங்கள். அழுத்தித் திணித்தால் அங்கேயே ஒட்டிக் கெட்டியாகிவிடும். கழுத்து, தொடை முடி இரண்டாம் தரம். வயிற்றடி முடியும் சிக்கு விழுந்ததும் தலையணைக்குள் திணிக்கத்தான் ஆகும். சிறுநீர்க் கறை பட்டதை எறிந்துவிடுங்கள்.

அங்கோரா இழை 12 முதல் 14 மைக்ரான் வரை இருக்கும். உள்ளே காற்றறைகள் உண்டு, அதனால் ஆட்டுக் கம்பளியை விட எடை குறைவு, கதகதப்பு அதிகம். ஆட்டு ரோமத்தில் இருக்கிற எண்ணெய்ப் பசை இதில் இல்லை. நூற்பதற்கு முன் அலச வேண்டியதே இல்லை, முயலைச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். வழுக்கும் இழை, அதனால் முறுக்கு அதிகம் கொடுக்க வேண்டும். சுத்த அங்கோராவில் முழு ஸ்வெட்டர் போட்டால் தென்னாப்பிரிக்கக் குளிருக்கு அது அதிகப்படி, தொய்ந்தும் போகும். நான் நாலில் ஒரு பங்கு அங்கோரா, மீதி மெரினோ ஆட்டுக் கம்பளி என்று கலக்கிறேன். சில நேரம் மோஹேரும், அதாவது அங்கோரா ஆட்டின் முடியும் சேர்ப்பேன். உலக மோஹேரில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்துதான், பெரும்பாலும் ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து போகிறது. மெரினோவும் நம் நாட்டு ஆட்டிலிருந்தே கிடைக்கிறது. துணைக் கம்பளி இவ்வளவு நன்றாகக் கிடைக்கும் நாட்டில் முயல் வளர்ப்பவர்கள் இத்தனை குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை இல்லை, முயலைப் பிடுங்கினீர்களா என்பதுதான். 2013இல் சீனப் பண்ணைகளில் கட்டிப்போட்டு உயிரோடு முடி பிடுங்கிய வீடியோவை விலங்குரிமை அமைப்பான பீட்டா வெளியிட்டது. அதன் பிறகு பெரிய துணிக்கடைகள் பல அங்கோராவையே நிறுத்திவிட்டன. அந்தக் கோபம் நியாயமானது. நாம் செய்வது வேறு என்று வாயால் சொன்னால் போதாது. முயலை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். முடி வெட்டும் நாளன்று கூப்பிடுங்கள். பிரெஞ்ச், இங்கிலீஷ் வம்சங்களில் சில முயல்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தானாக முடி தளர்த்தும். அப்போது சீப்பாலும் விரலாலும் இழுத்தால் கையோடு வரும், முயல் தூங்கிக்கொண்டே இருக்கும். தளராத முடியில் கை வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கத்தரிக்கோல்.

சாட்ஸ்வொர்த்_முயல்வீடு எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. மகள் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். நார்த்டேல் அக்கா, முடி வெட்டும் நாளுக்கு உங்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்.

அவள் கேட்கிறாள்: கோடையில் வெட்டிவிட்டால் ஷோவுக்கு முடி எங்கிருந்து வரும்?

ஹோவிக்_கம்பளி எழுதியது:

நல்லா கேட்டாள் மருமகள். கணக்கு சுலபம். அங்கோரா முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் வளரும். இங்கிலீஷ் அங்கோராவுக்கு ஷோவில் எதிர்பார்க்கும் நீளம் 3.5 முதல் 5 அங்குலம் வரை. நம் ஷோக்கள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்படியென்றால் மார்ச் நடுவில் கடைசியாக வெட்டினால் ஜூலை நடுவில் நாலு அங்குலம் நிற்கும். அக்டோபரில் ஒரு வெட்டு, தைப்பூசக் காவடிக்கு முன்னால் ஒரு வெட்டு, மார்ச்சில் ஒரு வெட்டு. கோடை முழுக்க முயல் லேசாக இருக்கும், அக்காவுக்கும் மூன்று முறை கம்பளி கிடைக்கும். ஷோ முடிந்ததும் மறுபடி அக்டோபர். ஒரே முயல் இரண்டுக்கும் போதும், காலண்டரை ஒழுங்காக வைத்தால்.

வெட்டிய முதல் வாரம் ஆபத்தான வாரம். கடலோரத்தில் பரவாயில்லை. எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் உறைபனி விழும், வெட்டிய முயல் ஒரே ராத்திரியில் விறைத்துவிடும். இங்கே குளிர்காலத்தில் யாரும் ஒட்ட வெட்டுவதில்லை. வெட்ட வேண்டி வந்தால் ஒரு அங்குலம் விட்டு வெட்டி, வீட்டுக்குள் வைத்து, தீவனத்தைக் கூட்டிக் கொடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர்களுக்குத் தலைவலி வேறு. ஆகஸ்டில் பெர்க் காற்று (உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் சூடான காற்று) அடித்தால் குளிர்காலத்திலேயே வெயில் கொளுத்தும். ஷோ நாளன்று வானிலை பார்க்காமல் முழு முடி முயலை பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் ஏற்றாதீர்கள்.

டோங்காட்_வெள்ளைக்காது எழுதியது:

இந்தக் காலண்டரை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, மார்ச்சில் வெட்டி வளர்க்கிற முடியும் வெட்டாமல் வளர்த்த முதல் கோட்டும், அதாவது முதல் முடிப் போர்வையும், ஒன்றல்ல. இளம் முயலின் முதல் கோட்டில் இருக்கிற அந்த மென்மை தனி. ஜூனியர் பிரிவில், அதாவது 6 மாதத்துக்குக் கீழே, அதற்குத்தான் நடுவர் கை நிற்கும். கடலோரத்தில் அதைக் கொண்டுவர ஒரே வழி, மார்ச்சில் ஜோடி சேர்த்து ஏப்ரலில் குட்டி எடுப்பது. ஆகஸ்டில் நாலு மாதம் நிறைந்திருக்கும். கோடையில் ஆண் முயல் குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால்தான் மார்ச்சில் வேலைக்கு ஆகும். அதனால்தான் ஏசி என்கிறேன். எல்லா முயலுக்கும் வேண்டாம், ஆண் முயலுக்காவது.

ஜோபர்க்_கோவைக்காரன் எழுதியது:

நான் கோயம்புத்தூர்க்காரன், வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்தவன். ஊரில் கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் முயல் குட்டி வாங்கி வளர்த்த பழக்கம் உண்டு. அங்கே இறைச்சி இனங்கள். அங்கோரா வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் இமாச்சல நிலையம், குல்லு பக்கம் கார்சாவில். அங்கோராவை மலைக்குளிரில் வைத்தார்கள், சமவெளியில் வைக்கவில்லை. ஹோவிக் அண்ணா சொல்வதற்கு அதுவே ஒரு சாட்சி.

ரத்தம் குறுகுவது பற்றி வெள்ளைக்காது அண்ணன் எழுதியிருந்தார். நீள முடிக்குக் காரணமான மரபணு ஒடுங்கு தன்மை கொண்டது. எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவில் வருகிற மாற்றம் அது. சாதாரணமாக அந்த மரபணு முடியைப் பார்த்து வளர்ந்தது போதும் என்று நிறுத்தும், அங்கோராவில் அந்த நிறுத்தம் தள்ளிப்போகிறது. அங்கோராவை நியூசிலாந்து வெள்ளை என்ற குட்டை முடி இனத்தோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் குட்டை முடியோடுதான் பிறக்கும். ஆனால் ஒவ்வொன்றும் நீள முடியை ஒளித்து வைத்திருக்கும். அவற்றை மறுபடி அங்கோராவோடு சேர்த்தால் சராசரியாகப் பாதி குட்டி கம்பளியோடு வரும். கலப்பிலேயே இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று. இப்படி வெளி ரத்தம் கொண்டுவந்தால் குட்டி பலமாக இருக்கும், தாய்க்குப் பாலும் கூடும். நாம் ஏன் இதைச் செய்யக் கூடாது?

ஹோவிக்_கம்பளி எழுதியது:

செய்யலாம் தம்பி, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. நீள முடிக்கு ஒரு மரபணு, சரி. ஆனால் அடர்த்தி, மென்மை, முரட்டு முடியின் அளவு, காது முடி இதெல்லாம் பல மரபணுக்கள் சேர்ந்து தருவது. ஒரு கலப்பில் போனது திரும்பி வர நாலைந்து தலைமுறை ஆகும். நூற்பவர்களுக்குக் கொடுக்கிற கூட்டத்தில் தாராளமாகச் செய்யுங்கள். ஷோ வம்சத்தில் செய்வதாக இருந்தால் எழுதி வையுங்கள், விற்கும்போது சொல்லுங்கள். என் கோபமெல்லாம் மறைத்து விற்பவர்கள் மேல்தான். பெட்டிகிரி (வம்சாவளி) தாளில் மூன்று தலைமுறை எழுதியிருக்கும், கூண்டில் இருப்பது வேறு கதை சொல்லும். வாங்கியவன் இரண்டு வருடம் கழித்து குட்டை முடிக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அதோடு, ரத்தம் குறுகியிருப்பது மட்டுமே நம் தலைவிதி ஆகாது. 1838இல் துருக்கியிலிருந்து இங்கே அங்கோரா ஆடு வந்தபோது 12 கிடாக்களையும் மலடாக்கித்தான் அனுப்பினார்களாம். கூட வந்த ஒரு பெண் ஆடு வழியில் கிடாக் குட்டி ஈன்றதால் தொழில் தொடங்கியது. பிறகு நல்ல ஆடுகளை மறுபடி மறுபடி இறக்குமதி செய்து, எந்தக் குட்டி யாருடையது என்று பதிந்து வைத்துத்தான் இந்த அளவுக்கு வந்தார்கள். நாமும் ஆண் முயல்களை ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம். டோங்காட்டிலிருந்து ஒன்று ஹோவிக்குக்கு, ஹோவிக்கிலிருந்து ஒன்று கௌடெங்குக்கு. யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கட்டும். போட்டியாளருக்கு நல்ல ஆண் முயலைக் கொடுக்க மனசு வர வேண்டும், அதுதான் குறைச்சல்.

வெருலம்_கால்நடை எழுதியது:

மாற்றிக்கொள்ளும்போது தனிமைப்படுத்துவதை மறக்காதீர்கள். 2022 இறுதியில் முயல் ரத்தக்கசிவு நோயின் இரண்டாம் வகை வைரஸ் இந்த நாட்டில் உறுதியானது. உள்நாட்டு வறண்ட கரூ பகுதியில் காட்டு முயல்களும் வீட்டு முயல்களும் செத்தன. அங்கே மட்டுமே வாழ்கிற, அழிவின் விளிம்பில் இருக்கிற ஆற்றோர முயலுக்கும் அது ஆபத்து. நோய் தெரியாது, காலையில் பார்த்தால் இறந்து கிடக்கும். சில நேரம் மூக்கில் ரத்தம். வைரஸ் செருப்பு, உடை, புல்கட்டு, ஈ எல்லாவற்றிலும் போகும், வெளியில் நீண்ட நாள் உயிரோடு இருக்கும்.

புதிய முயலை ஒரு மாதமாவது தனி இடத்தில், தனித் தண்ணீர்க் குப்பியோடு வையுங்கள். கடைசியாக அதற்குத் தீவனம் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். ஷோவில் மற்றவர் முயலைத் தொட்ட கையோடு உங்கள் முயலைத் தொடாதீர்கள். திடீர்ச் சாவு வந்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்_முயல்வீடு எழுதியது:

குட்டி போடுவதைப் பற்றி இரண்டு கேள்வி. ரெக்ஸ் தாய் தன் முடியையே பிடுங்கிக் கூடு கட்டும், அங்கோராவும் அப்படித்தானா? அப்புறம், மிச்சமாகிற ஆண் குட்டிகளை என்ன செய்கிறீர்கள்? எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் கண்டிப்பு. கறிக்குக் கொடுப்பதில் வீட்டில் யாருக்கும் மனசில்லை.

நார்த்டேல்_நூல் எழுதியது:

கூடு விஷயத்தில் கவனம் தேவை தம்பி. சினை 31 நாள், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே. 28ஆம் நாள் பெட்டி வையுங்கள். ஆனால் அதற்கு முன்பே தாய்க்கு முடி வெட்டிவிட வேண்டும், முக்கியமாக வயிற்றுப்பக்கம். நீள முடியால் கட்டிய கூட்டில் குட்டிகள் நெளிய நெளிய, இழை காலிலும் கழுத்திலும் சுற்றி இறுகும். ரத்த ஓட்டம் நின்று கால் போன குட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு அங்குலத்துக்கும் குறைவாக வெட்டிய முடியும் நல்ல காய்ந்த புல்லும் கலந்து வையுங்கள். தினமும் விரலால் துழாவிப் பாருங்கள். 10, 12 நாளில் கண் திறக்கும். 6 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பிரிக்கிற வாரத்தில் தீவனத்தையும் மாற்றாதீர்கள்.

ஆண் குட்டி பற்றி: அங்கோராவின் நல்ல குணமே இதில்தான். காயடித்த ஆண் முயல் சாந்தமாக இருக்கும், சிறுநீர் பீய்ச்சாது, முடி சுத்தமாக வரும். பெண் முயல் அளவுக்கு முடி வராது, கொஞ்சம் குறைவுதான். ஆனால் வருடக்கணக்கில் கம்பளி தரும். என்னிடம் நூற்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட முயல்களைத்தான் சிபாரிசு செய்கிறேன். எத்தனை குட்டிக்கு இடமும் ஆளும் இருக்கிறதோ அத்தனைக்கு மட்டும் ஜோடி சேருங்கள். ஷோவுக்கு ஒரு நல்ல குட்டி வேண்டும் என்று வருடத்துக்கு ஐந்து ஈற்று எடுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருக்கிறேன்.

டோங்காட்_வெள்ளைக்காது எழுதியது:

அக்கா சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்கு மேல் நான் எடுப்பதில்லை.

மகளுக்கு ஷோ பற்றிச் சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் கம்பளிக்குத்தான் போகும். நடுவர் முடிக்குள் ஊதிப் பார்ப்பார். தோல் எவ்வளவு சிறியதாகத் தெரிகிறதோ அவ்வளவு அடர்த்தி. கையில் ஒரு பிடி பிடித்துப் பார்ப்பார், விட்டவுடன் துள்ளி எழ வேண்டும். வாலடியிலும் காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழேயும் விரலை விடுவார், சிக்கு இருப்பது அங்கேதான். பிறகு பல், நகம், கண். மேல் பல் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் போயிருந்தால் கம்பளி எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள்.

தினமும் பிரஷ் போட்டால் நல்ல முடி என்று நினைக்காதீர்கள். பிரஷ் முடியை உடைக்கும், அடர்த்தி போய்விடும். நாய் குளிப்பாட்டும் கடைகளில் வைத்திருக்கிற காற்றடிக்கும் மிஷின்தான் எங்களுக்குப் பிரஷ். சூடில்லாத காற்று. வாரத்துக்கு இரண்டு முறை, பின்னாலிருந்து முன்னால், தோல் தெரியும்படி ஊதினால் பொடுகும் தூசியும் பறக்கும், சிக்கு தொடங்கும் முன்பே பிரியும். சின்ன வயதிலிருந்து பழக்க வேண்டும், இல்லையென்றால் சத்தத்துக்குப் பயந்து குதித்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். இங்கிலீஷ் அங்கோராவுக்கு வாரத்தில் மூன்று மணி நேரமாவது போகும். பள்ளிக்கூடப் பிள்ளையால் முடியுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கட்டும். கம்பளி முழுக்கப் புரதம்தான், அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள். கறுப்புச் சூரியகாந்தி விதை ஒரு கரண்டி போடலாம், கோடையில் வேண்டாம்.

ஜோபர்க்_கோவைக்காரன் எழுதியது:

என் பையனும் இதையெல்லாம் படிக்கிறான். ஊரில் குதிரைமசால் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு இங்கே பிளாஸ்டிக் பையில் புல் வாங்குவதே புதுசு. இந்தக் கூட்டத்தில் பேசுகிற தமிழ் கேட்கவே நன்றாக இருக்கிறது.

கௌடெங்கில் இருந்து அந்த ஜோடியைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாதத்தில் ஒரு முறை டர்பன் வருகிறேன்.

சாட்ஸ்வொர்த்_முயல்வீடு எழுதியது:

எல்லாவற்றையும் வீட்டில் பேசினோம். முதலில் ஹோவிக் அண்ணாவிடம் பிரெஞ்ச் பெண் முயல் ஒன்று, மே மாதத்தில். முடி வெட்டவும் ஊதவும் மகள் அதில் பழகட்டும். இங்கிலீஷ் ஜோடியை விட மனசில்லை. கௌடெங்காரரிடம் பேசினேன். ஆண் முயலை மட்டும் கொடுப்பதானால் டோங்காட் அண்ணன் வைத்துக்கொள்ள முடியுமா? அதன் ரத்தம் இங்கே யாரிடமும் இல்லை. அடுத்த வருடம் மகள் தயாரானால் குட்டி ஒன்று எங்களுக்கு.

டோங்காட்_வெள்ளைக்காது எழுதியது:

சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் பின்கட்டு அறையில் தனியாக இருக்கும், பிறகு கராஜ். ஹோவிக் அண்ணாவுக்கு வேண்டுமானால் அவர் பெண் முயலோடும் சேர்க்கலாம்.

ஹோவிக்_கம்பளி எழுதியது:

வேண்டும், முதல் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள்.

கோவைக்காரத் தம்பி, கொண்டுவரும்போது ராத்திரி கிளம்புங்கள். என்3 நெடுஞ்சாலையில் ஜோபர்கிலிருந்து டர்பன் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், வான் ரீனன்ஸ் கணவாயில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் நேரம் கூடும். பெட்டி அடியில் கம்பி வலை இருக்கட்டும், சிறுநீர் கீழே வடிய வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் சிந்தி மார்பு முடி சிக்கு விழும், அதனால் ஈரமான கொத்தமல்லித் தழையும் புல்லும் போதும், நிற்கிற இடத்தில் குப்பியில் தண்ணீர் காட்டுங்கள். கிளம்புவதற்கு முன் முயலைக் கொடுப்பவரிடம் முடியை வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய தீவனத்தில் இரண்டு கிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், டோங்காட்டில் பத்து நாளுக்குப் புதுத் தீவனத்தோடு கலந்து கலந்து கொடுக்க வேண்டும். காதில் பச்சை குத்திய எண் இருக்கிறதா, தாளில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.